பழுக்கிற கண்ணாடி

ஆறும் கடலும் சேர்கிற முகத்துவாரத்தில், மணல்மேட்டுக்கு இந்தப் பக்கம், உலகம்மாளின் கண்ணாடிச் சூளை இருந்தது. காலை வேளையில் ஆற்றுப் பனியும் சூளைப் புகையும் ஒன்றாகக் கலந்து நிற்கும். எது பனி, எது புகை என்று வெயில் ஏறிய பிறகுதான் தெரியும்.

குரு என்றால் தாடி இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் நேரே சூளைக்குப் பின்னால் போய்த் தேடுவார்கள். அங்கே சாம்பல் குவியல்தான் இருக்கும். முன்னால் புன்னை மரத்தடியில் கைப்பிள்ளையைத் தூளியில் ஆட்டிக்கொண்டிருக்கிற சின்ன வயசுக்காரிதான் குரு.

அவளுக்கு ஒரே சீடர், தொம்மை. தலை முழுக்க நரைத்தவர். படகில் சுக்கான் பிடித்தே காலத்தைக் கழித்தவர். தோள் இறங்கிப்போனதும் சுக்கானை மகன் லாசரிடம் கொடுத்துவிட்டு, ஆமைப்பாறை விளக்கைப் பார்த்துக்கொள்ள வந்தார். விளக்குக்குத் திரி தூண்டுகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் சூளையில் வந்து நின்று கேள்வி கேட்டார். கேட்டுக் கேட்டு, கடைசியில் சீடராகிவிட்டார்.

அவர் அவளைத் தாயி என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அதில் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் காலை தொம்மை துண்டில் எதையோ முடிந்துகொண்டு வந்தார். அவிழ்த்தால் உடைந்த சிவப்புக் கண்ணாடி.

"பாறை விளக்கு போச்சு தாயி. காத்துல ஏதோ பறவை வந்து மோதியிருக்கு."

ஆமைப்பாறை முகத்துவாரத்தின் நடுவில் முதுகை மட்டும் காட்டிக்கொண்டு கிடக்கும். பாறையின் மேல் சிவப்பு விளக்கு, கரையில் வெள்ளை விளக்கு. பொழுது சாய்கிற நேரம் பனிக்குள் வருகிற படகு, சிவப்பை விட்டு விலகி வெள்ளையைப் பார்த்து வரும். இரண்டும் வெள்ளையாகிவிட்டால் எது கரை, எது பாறை?

"சிவப்புத் துணி சுத்திப் பாத்தீகளா?"

"சுத்தினேன். முதல்ல வெளிச்சத்தைத் தின்னுச்சு. அப்புறம் அதுவே எரிஞ்சு போச்சு."

"படகெல்லாம் எப்ப திரும்பும்?"

"ஞாயித்துக்கிழமைப் பூசைக்கு எல்லாரும் வந்திருவாக. சனிக்கிழமை சாயங்காலம் உள்ள நுழையும்." தொம்மை துண்டை மறுபடி முடிந்தார். "இத்தனை நாளும் கூட ஒரு மூத்த ஆள் இருந்தாக. இந்தத் தடவைதான் லாசர் தனியாச் சுக்கான் பிடிச்சுப் போயிருக்கான்."

"நல்ல விசயந்தான?"

"என்னத்த நல்ல விசயம்? சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுவான். உள்ள ஏதாவது இறங்குச்சான்னு மூஞ்சியைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. தண்ணி மாதிரி நிப்பான்."

உலகம்மாள் தூளியை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு எழுந்தாள்.

"அடுப்பைப் பத்த வைங்க அண்ணாச்சி. இந்தத் தடவை கண்ணாடி நீங்க செய்யுங்க."

முதலில் தூளியைக் கழற்றி, காற்று வருகிற பக்கம் தள்ளி, வேறு மரத்தில் கட்டினாள். மூக்கைச் சுற்றி ஈரத்துணி கட்டிக்கொண்டாள். அவருக்கும் ஒன்று கொடுத்தாள்.

வெள்ளை மணல், சோடா, துத்தநாகப் பொடி எல்லாம் கூடையில் வந்தன. அப்புறம் ஒரு சின்ன டப்பாவைத் திறந்தாள். காட்மியம், செலீனியம், கந்தகம், மூன்றும் மூன்று பொட்டலம். ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற அளவுதான் மிச்சம் இருந்தது; எல்லாவற்றையும் எடுத்தாள்.

"இந்தப் பொடி பொல்லாதது. கையை முகத்துக்குக் கொண்டு போகாதீக. வேலை முடிஞ்சதும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவணும்."

தொம்மை எட்டிப் பார்த்தார். ஒன்று சாம்பல் நிறம். மற்ற இரண்டும் மஞ்சள்.

"இதுல சிவப்பு எது தாயி?"

"எதுவும் இல்ல."

"பின்ன சிவப்பு எங்கேருந்து வரும்?"

"அரிசியைக் களையும்போதே சோத்தைத் தேடுறீகளே" என்று சொல்லி அவள் டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள். காலி. "அடுத்த டப்பா மழைக்கு அப்புறந்தான் வரும். பாத்துச் செய்யுங்க."

குகை என்கிற உருக்குப் பானையில் மணல் உருகிற்று. தொம்மை நீளக் கம்பியால் கலக்கினார். உள்ளே எட்டிப் பார்த்தால் செக்கச் செவேலென்று, கோயில் திருவிழாவை ஒரு பானைக்குள் போட்டு வைத்த மாதிரி இருந்தது.

"வந்துட்டு தாயி! சிவப்பு வந்துட்டு!"

"அது அடுப்போட சிவப்பு. ஊத்துங்க."

மூன்று வட்டத் தட்டுகள் ஊற்றினார். தொம்மை பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்தார். ஆற ஆறச் சிவப்பு ஓரத்திலிருந்து பின்வாங்கிற்று. நடுவில் கொஞ்ச நேரம் ஒரு காசு அளவுக்கு நின்றது. அதுவும் போயிற்று. கடைசியில் மூன்று தட்டுகளும் ஆற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளிய மாதிரி நிறமே இல்லாமல் கிடந்தன.

தொம்மை ஒரு தட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ரேகை தெரிந்தது.

"என் மகன் மாதிரியே இருக்கு" என்றார்.

உலகம்மாள் சிரித்தாள்.

"சிரிக்காதீக தாயி. சிவப்பு எங்க போச்சு?"

"எங்கயும் போகல. இன்னும் வரல. ஒவ்வொண்ணா உள்ள வச்சுப் பழுக்க வைங்க."

அந்த நேரம் பார்த்துப் பிள்ளை பசித்து அழுதது. அவள் முழங்கை வரை கழுவிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

பழுக்க என்றால் தொம்மைக்குத் தெரிந்தது ஒன்றுதான். படகுக்கு ஆணி அடிக்கிற பட்டறையில் கொல்லன் இரும்பைப் பழுக்கக் காய்ச்சுவான். தொம்மை சின்ன அடுப்பில் ஒரு தட்டை வைத்தார். விறகைத் திணித்தார். துருத்தியை ஊதினார். தட்டு செவேலென்று ஆகிற வரைக்கும் விடவில்லை.

உலகம்மாள் திரும்பி வந்தபோது அவர் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லின் மேல் தோசை மாதிரி ஒன்று சரிந்து கிடந்தது. அடியில் பிடித்துப்போன வெல்லப்பாகின் நிறம். வெளிச்சம் நுழைய வழியே இல்லை.

"என்ன செஞ்சீக?"

"நீங்க சொன்னதைத்தான். பழுக்கக் காய்ச்சினேன்."

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு நிற்கவில்லை. இடுப்பில் இருந்த பிள்ளையும் சேர்ந்து சிரித்தது.

"நான் மாங்காயைச் சொன்னேன் அண்ணாச்சி! நீங்க கொல்லன் பட்டறைக்குப் போயிட்டீக. மாங்காயை வைக்கோல்ல போட்டுப் பழுக்க வைக்கமாட்டாங்களா?"

"எங்க தெருவுல ஏது மாமரம்? மீனை வைக்கோல்ல போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

இப்போது அவரும் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் முகம் பழையபடி ஆயிற்று. இரண்டு தட்டுகள்தான் மிச்சம்.

"இதைத் திரும்ப உருக்கினா?"

"அந்தப் பொடி பாதி புகையாப் போயிரும். நிறம் ஏறாது."

அவள் அடுப்பைத் தணித்தாள். தலையில் துணியைப் போர்த்திக்கொண்டு அடுப்பு வாய் மூடியின் இடுக்கில் குனிந்தாள். அவரையும் துணிக்குள் பார்க்கச் சொன்னாள்.

"உள்ள லேசா ஒரு செம்மை தெரியுதா?"

"தெரியுது."

"துணியை எடுங்க."

எடுத்தார். பகல் வெளிச்சத்தில் அடுப்பு கறுப்பாகத்தான் இருந்தது.

"அவ்வளவுதான் சூடு. இருட்டுல மட்டும் தெரியணும். பகல்ல தெரிஞ்சா அதிகம்."

தொம்மை இரண்டாவது தட்டை வைத்தார். தீயைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டார். ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அவரால் இருக்க முடியவில்லை. அடுப்பு வாயின் மூடியைத் திறந்து பார்த்தார். எலுமிச்சம்பழத் தோல் மாதிரி ஒரு மஞ்சள். ஆகா என்று மூடினார். கொஞ்ச நேரத்தில் மறுபடி திறந்தார். மஞ்சள் கொஞ்சம் முற்றியிருந்தது. மூடினார். திறந்தார். உள்பக்கம் ஆரஞ்சுச் சுளையின் நிறம். வாசல் பக்கம் இன்னும் மஞ்சள்தான். சிவப்பை எட்டிப் பிடிக்கப் போகிறோம் என்று குனிந்தபோது கடல்காற்று அவரைத் தாண்டி உள்ளே போயிற்று.

கிளுக் என்று ஒரு சத்தம். தட்டு வெடித்துவிட்டது.

உலகம்மாள் வந்து பார்த்தாள். ஒன்றும் திட்டவில்லை. ஆறின கண்ணாடித் துண்டுகளில் ஒரு மஞ்சளையும் ஒரு ஆரஞ்சையும் எடுத்துத் துடைத்தாள். மஞ்சளை அவர் கண்ணில் வைத்தாள்.

"கடலைப் பாருங்க."

"பாக்கேன்."

"நீலம் இருக்கா?"

தொம்மை கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"ஊதா, நீலம் ரெண்டையும் காணோம். பச்சை இருக்கு."

ஆரஞ்சைக் கொடுத்தாள்.

"இதுல பச்சையும் போச்சு தாயி." அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. "கண்ணாடி அதையெல்லாம் புடிச்சு வச்சுக்கிட்டுது."

"கண்ணாடி இல்ல. அதுக்குள்ள மணி மணியா ஒண்ணு முளைக்குது. மீன் சினை மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, பூதக்கண்ணாடி வச்சாலும் தெரியாது. அந்தப் பொடியெல்லாம் சூட்டுல ஒண்ணையொண்ணு தேடிப் போய் ஒட்டிக்கிடும். சின்னதா இருக்கையில ஊதாவை மட்டும் புடிக்கும். கொஞ்சம் வளந்தா நீலம். இன்னும் வளந்தா பச்சை, மஞ்சள்."

"அப்ப சிவப்பு?"

"சிவப்பை அது தொடாது. விட்டிரும்."

தொம்மை ஆரஞ்சுக் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப சிவப்புன்னு ஒண்ணை நாம செய்யலையா?"

"இல்ல."

"மிச்சத்தையெல்லாம் அது புடிச்சு வச்சுக்கிட்டா, கடைசியில விடுறது சிவப்பு."

"ம்."

"கூறுகெட்டவன் மாதிரி இவ்வளவு நாளும் பொடியில தேடினேனே" என்று அவர் தலையில் தட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு தட்டு மட்டும் பாக்கி. தொம்மை அதைத் துண்டில் வைத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"நீங்களே வைங்க தாயி."

"ஏன்?"

"விளையாடாதீக. என் புள்ள கடல்ல கிடக்கான். இதுவும் போச்சுன்னா நாளைக்கு அவன் நேரா வந்து பாறையில ஏறிருவான். உங்க கையால வைங்க. உங்க கால்ல வேணா விழுதேன்."

"பெரியவுக கால்ல விழுந்தா எனக்குத்தான் பாவம்" என்றாள் அவள். ஆனால் சிரிக்கவில்லை. "சுக்கானை லாசர் கையில குடுத்தீகளே, அன்னைக்கு உங்க கை நடுங்குச்சா?"

"நடுங்காம?"

"நடுங்கினாலும் குடுத்தீகள்ல?"

தொம்மை தட்டைப் பார்த்தார். அதன் வழியாகத் தன் விரல்களைப் பார்த்தார். அவை நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. குனிந்து தட்டை உள்ளே வைத்தார்.

அவள் ஒரு கட்டு சவுக்கு மிலாறுக் குச்சியைக் கொண்டுவந்து போட்டாள்.

"இந்தக் கட்டு தீருற வரைக்கும் ஒவ்வொரு குச்சியாப் போடுங்க. தீந்ததும் அடுப்பு வாயைக் களிமண்ணால பூசிருங்க. தானா ஆறட்டும். நாளைக்கு உச்சிவெயில்லதான் திறக்கணும்."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இல்ல."

அவள் போய்விட்டாள்.

தொம்மை ஒரு குச்சி போட்டார். துணியைப் போர்த்திச் செம்மையைப் பார்த்தார். துணியை எடுத்தார். கடல் ஒரே மாதிரி இரைந்தது. இன்னொரு குச்சி. புன்னைப் பூ ஒன்று அவர் முழங்கால் மேல் விழுந்தது. அடுப்பின் வாய்க்குக் கை போயிற்று. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

குச்சிக்கும் குச்சிக்கும் நடுவில் கண் சொருகிற்று.

அப்போது அவர் கண்ணாடிக்குள் நடந்துகொண்டிருந்தார். தண்ணீருக்குள் நடக்கிற மாதிரிதான். ஆனால் நனையவில்லை. மேலும் கீழும் நிறமே இல்லை. பிறகு எங்கிருந்தோ ஒரு பொடி மிதந்து வந்தது. இன்னொன்று அதைத் தேடி வந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டன. திரும்பின பக்கமெல்லாம் அப்படியே நடந்தது. அவசரமே இல்லாமல் நடந்தது. பனி இறங்குகிற வேகத்தில் மணி மணியாக வளர்ந்தது. ஊதா ஒன்று வந்து ஒரு மணியைத் தொட்டது, அதற்குள்ளேயே போய் அடங்கிற்று. நீலம் வந்தது, அடங்கிற்று. தூரத்தில் லாசர் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் சுக்கான். தொம்மை கூப்பிட வாயைத் திறந்தார். அந்த இடத்தில் குரலுக்கு வழி இல்லை. கிட்டப் போகலாம் என்றால், கால் வைத்த இடத்திலெல்லாம் மணிகள் முளைத்துக்கொண்டிருந்தன. மிதிக்க மனசு வரவில்லை. அப்படியே நின்றார். லாசரின் சட்டை மஞ்சளாயிற்று. ஆரஞ்சாயிற்று.

கண் விழித்தபோது கைக்குக் குச்சி தட்டுப்படவில்லை. கட்டு தீர்ந்திருந்தது. கனவில் போட்டாரா, விழித்துக்கொண்டு போட்டாரா, தெரியவில்லை. துணியைப் போர்த்திப் பார்த்தார். செம்மை அதே அளவில் இருந்தது.

களிமண்ணைக் குழைத்து வாயைப் பூசினார். பூசின இடத்தில் அவருடைய ஐந்து விரலும் பதிந்தன.

சனிக்கிழமை உச்சிவெயிலில் உலகம்மாளும் வந்து நின்றாள். தொம்மை களிமண்ணைத் தட்டிப் பெயர்த்தார். தட்டை வெளியே எடுத்துக் கல்லின் மேல் வைத்தார்.

கறுப்பாக இருந்தது.

அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"கருகிப் போச்சு தாயி."

"கல்லு மேல வச்சுப் பாத்தா அப்படித்தான். தூக்கிப் புடிங்க."

"வேண்டாம்."

"தூக்குங்க அண்ணாச்சி. வெளிச்சம் உள்ள நுழைஞ்சாத்தான் நிறம் தெரியும்."

தூக்கிச் சூரியனுக்கு நேராகப் பிடித்தார்.

அவர் நெற்றி, தாடி, சட்டை, பின்னால் கிடந்த மணல், உலகம்மாளின் இடுப்பில் இருந்த பிள்ளையின் கன்னம், எல்லாவற்றிலும் சிவப்பு விழுந்தது. மாதுளையைப் பிளந்த மாதிரிச் சிவப்பு. பிள்ளை தன் கன்னத்தில் விழுந்ததைப் பிடிக்கப் பார்த்தது. பிடித்துப் பார்த்தால் கை சிவந்திருந்தது. அது கையை நக்கிற்று.

தொம்மை ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேள்வி கேட்காமல் இருந்தது சூளையில் அன்றைக்குத்தான் முதல் தடவை.

"பாறைக்குப் போங்க" என்றாள் உலகம்மாள்.

தோள் வலியோடு கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். தட்டை விளக்கின் முகத்தில் பொருத்தினார். எண்ணெய் ஊற்றித் திரியை ஏற்றினார். திரும்பிக் கரையில் காலை வைத்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பனி கடலிலிருந்து மெல்ல எழுந்து வந்தது. பாறை மறைந்தது. கட்டுமரம் வந்த தடம் மறைந்தது. பனிக்குள் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் நின்றது.

உலகம்மாள் பிள்ளையோடு படகுத்துறைக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றாள்.

முதல் படகு வந்தது. விலகி வந்து சேர்ந்தது. அடுத்ததும் வந்தது. ஆட்கள் இறங்கி, கூடைகளை இறக்கி, சத்தம் போட்டுக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது படகின் நிழல் தெரிந்தது. நிற்கிற சாயலிலேயே தொம்மைக்குத் தெரிந்துவிட்டது. லாசர்.

படகு நேராகப் பாறையைப் பார்த்து வந்தது.

தொம்மை தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால் நனைந்தது. இடது பக்கம் திருப்பு என்று கத்த நெஞ்சு முழுக்க மூச்சை இழுத்தார். எதிர்க்காற்று. கத்தினாலும் அவர் முகத்தில்தான் வந்து விழும். அவருக்கும் அது தெரியும். இழுத்த மூச்சை விடவும் முடியவில்லை.

படகு இன்னும் நேராகத்தான் வந்தது.

பாறையில் அடித்துச் சிதறுகிற தண்ணீர் கூடச் சிவப்பாகத் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில், எவ்வளவு திருப்பவேண்டுமோ அவ்வளவு, அதற்கு மேல் ஒரு இம்மியும் இல்லாமல் படகு சாய்ந்து திரும்பிற்று. பாறையை ஒட்டிய நீரோட்டத்தைப் பிடித்து, அதன் முதுகில் ஏறி, ஒரு சத்தமும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே வந்தது. கடந்துபோகிற நேரம் பாய் முழுவதும் ஒரு தடவை சிவந்து, மறுபடி வெளுத்தது.

தொம்மை இத்தனை வருஷத்தில் ஒரு தடவை கூட அந்த நீரோட்டத்தைப் பிடித்ததில்லை. அதை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததும் இல்லை. அவருக்கு மூச்சு வெளியே வந்தது.

"தாயி."

"ம்."

"அவன் சிவப்பைப் பாத்துத் திருப்பினானா, நான் சொல்லிக்குடுத்ததை நினைச்சுத் திருப்பினானா? இல்ல அது எனக்குத் தெரியாமலே அவனுக்குள்ள இருந்துச்சா?"

படகு துறைக்கு நேரே வந்துவிட்டது. சுக்கான் பக்கம் ஒரு கை உயர்ந்தது.

உலகம்மாள் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவன் கயித்தை வீசுதான் அண்ணாச்சி. புடிக்கீகளா, கேள்வி கேக்கீகளா?"